ஒப்படைக்க ஆளில்லாத ஜெபம்

சங்கிலி ஜெபம் எப்படி நடக்கும் என்று தெரியாதவர்களுக்கு முதலில் அதைச் சொல்லிவிட வேண்டும். ஒரே காரியத்துக்காக இரவும் பகலும் விடாமல் ஜெபம் நடக்க வேண்டும். ஆனால் எந்த மனிதனாலும் இரவும் பகலும் முழங்காலில் நிற்க முடியாது. ஆகவே ஒரு நாளை அரைமணி அரைமணியாக வெட்டி, சபையில் உள்ளவர்களுக்குப் பங்கு போட்டுவிடுவார்கள். ஒருவர் முடிக்கும் இடத்தில் அடுத்தவர் தொடங்குவார். அவரவர் வீட்டிலோ கடையிலோ இருந்தபடியே செய்யலாம். ஒரே கூரையின் கீழ் கூட வேண்டியதில்லை.

இதில் ஒரு சிக்கல் உண்டு. நடுவில் ஒருவர் அசந்து தூங்கிவிட்டால் யாருக்குத் தெரியும்? அதற்கு அந்தச் சபையின் போதகர் ஒரு வழி வைத்திருந்தார். தன் அரைமணி முடிந்ததும் அடுத்தவருக்குப் போன் செய்து "ஒப்படைக்கிறேன்" என்று சொல்ல வேண்டும். அவர் "ஏத்துக்கிட்டேன்" என்று சொன்ன பிறகுதான் எழுந்திருக்கலாம். அவர் எடுக்கவில்லையென்றால், எடுக்கும் வரை நீங்கள்தான் ஜெபத்தில் இருக்க வேண்டும்.

இதைக் கேட்டதும் லிஃப்ட்காரர் மனதாரத் தலையாட்டினார். லிஃப்ட் பழுதுபார்ப்பவர் என்பதால் சபையில் அவருக்கு அந்தப் பெயர்தான். லிஃப்டின் பிரேக்கும் இதே புத்தியோடுதான் செய்யப்பட்டிருக்கிறது. மின்சாரம் வந்தால் பிரேக் பிடிக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். விஷயம் நேர்மாறானது. வலுவான ஸ்பிரிங் ஒன்று எப்போதும் பிரேக்கை இறுக்கிப் பிடித்திருக்கும். மின்சாரம் வந்துதான் அதை விலக்க வேண்டும். மின்சாரம் போன நொடியே ஸ்பிரிங் கப்பென்று பிடித்துக்கொள்ளும். அதனால்தான் லிஃப்ட் நடுவழியில் நின்றால் பயப்பட வேண்டாம் என்பார் அவர். நிற்பதுதான் அதற்குத் தெரிந்த பத்திரமான நிலை.

ஜெபத்தின் காரியம் பஞ்சம். கடலுக்கு அந்தப் பக்கத்து நாடு ஒன்றில் மழை பொய்த்து, அதோடு சண்டையும் மூண்டு, துறைமுகத்திலிருந்து உள்நாட்டுக்குப் போகும் சாலையை மூடிவிட்டார்கள். தானியம் கப்பலில் வந்து கிடங்கில் கிடக்கிறது. அதைத் தின்ன வேண்டியவர்கள் சாலையின் மறுமுனையில் இருக்கிறார்கள். அங்கே வேலை பார்த்துத் திரும்பிய நர்ஸ் ஒருவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை சபையில் வந்து பேசினார். பசியால் வாடும் குழந்தை அழும் என்றுதானே நினைக்கிறீர்கள், என்று கேட்டார் அவர். பசி முற்றினால் அழுகை நின்றுவிடும். அழுவதற்கும் தெம்பு வேண்டுமே. உடம்பு முதலில் கொழுப்பை எரிக்கும், பிறகு தசையை எரிக்கும், பிறகு செலவைக் குறைக்கத் தொடங்கும். அழுகை, சிரிப்பு, திரும்பிப் பார்ப்பது எல்லாமே செலவுதான். கூடாரத்தில் எந்தக் குழந்தை சத்தமில்லாமல் இருக்கிறதோ அதைத்தான் முதலில் தூக்குவோம் என்றார். அப்போதும் வயிறு நிறையக் கொடுத்துவிட முடியாது, திடீரென்று வந்த உணவை இதயம் தாங்காது, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் பால் கொடுப்போம் என்றார்.

லிஃப்ட்காரருக்கு அன்று மத்தியானம் சாப்பாடு இறங்கவில்லை. சங்கிலிக்குப் பெயர் கொடுத்தவர்களில் அவர் முதல் ஆள்.

அவருக்கு விழுந்தது சாயங்கால வேளை. வேலை முடிந்து வந்து முகம் கழுவி உட்காரச் சரியாக இருக்கும். அவர் இருந்தது ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாவது மாடியில். லிஃப்ட் இல்லாத கட்டடம். அதைச் சொல்லிச் சிரிக்காதவர் சபையில் கிடையாது. ஓர் அறை, ஓர் அடுப்பு மேடை, மனைவி இருந்த காலத்தில் வாங்கிய இரட்டைக் கட்டில். பிள்ளைகள் இல்லை. மனைவி போன பிறகு கட்டிலின் சுவரோரப் பாதியில் துவைத்த துணிகள் குடியேறியிருந்தன. வேலையும் தனிமையான வேலைதான். உச்சியில் மோட்டார் அறை, அடியில் குழி. இரண்டிலும் மனிதர்கள் இருக்க மாட்டார்கள். லிஃப்ட் ஓடும் வரை லிஃப்ட்காரரை யாரும் நினைப்பதில்லை. நின்றால் நினைப்பார்கள், அதுவும் திட்டுவதற்கு.

அவருக்கு முன் கண்ணி தையல்காரத் தங்கச்சி. பின் கண்ணி கண்ணாடிக்கடை அண்ணன். இருவரோடும் அவருக்குப் போன் வழி உறவுதான்; சபையில் பார்த்தால் தலையசைத்துவிட்டு அவரவர் குடும்பத்தோடு போய்விடுவார்கள். ஆனால் சாயங்காலம் போன் அடிக்கும்.

"அண்ணே, ஒப்படைக்கிறேன்."

"ஏத்துக்கிட்டேன்மா."

அத்தோடு வைத்துவிடலாம். ஆனால் தையல்காரத் தங்கச்சிக்கு வாய் சும்மா இருக்காது. "இன்னைக்கு ஒரு அம்மா வந்து என் உயிரை வாங்கிட்டாங்க அண்ணே. போன வருஷ அளவுலயே தைச்சுக் குடுன்னு ஒத்தைக் கால்ல நிக்குறாங்க. உடம்பு மட்டும் இந்த வருஷத்து உடம்பு! சரி, நீங்க இன்னைக்கு எதுக்கு ஜெபம் பண்ணப் போறீங்க? மறுபடியும் கிரேனுக்கா?"

"கிரேன் நேத்தே முடிஞ்சுதும்மா. இன்னைக்கு லாரி டயர்."

"கர்த்தர் உங்களை எப்படித்தான் சகிச்சுக்கிறாரோ!" என்று சிரிப்பார்.

லிஃப்ட்காரரின் ஜெபமுறை அப்படி. "அந்த ஜனங்களை ஆசீர்வதியும்" என்று ஒரே வீச்சில் சொல்லி முடிக்க அவரால் ஆகாது. கப்பலிலிருந்து ஒரு குழந்தையின் வாய் வரைக்கும் தானியம் எப்படிப் போகும் என்று வரிசையாக யோசிப்பார். மூட்டையைத் தூக்கும் கிரேனின் கம்பிக்கயிற்றில் ஒரு இழைகூட அறுந்திருக்கக் கூடாது. லாரிக்கு டீசல் வேண்டும். ஓட்டுநருக்குத் தூக்கம் வரக் கூடாது. சாலையை மறித்து நிற்கும் சிப்பாய்க்கு அன்றைக்குக் காலையில் வீட்டு ஞாபகம் வந்திருக்க வேண்டும். ஒவ்வொன்றாக ஆண்டவரிடம் எடுத்துச் சொல்வார், ஏதோ அவருக்குத் தெரியாததைப் போல. அரைமணி போதாது.

முடித்ததும் கண்ணாடிக்கடை அண்ணனுக்குப் போன் போடுவார். "என்ன தம்பி, மேலயா கீழயா?" என்பதுதான் எடுத்ததும் அவர் கேட்கும் கேள்வி. "மேலதான் அண்ணே. ஒப்படைக்கிறேன்." "ஏத்துக்கிட்டேன். போய்ச் சாப்பிடுங்க, சும்மா காத்தைக் குடிச்சுட்டுப் படுத்துடாதீங்க." அவ்வளவுதான். அந்த இரண்டு போன்களுக்கு நடுவில் ஒரு மனிதன் எவ்வளவு நன்றாக ஜெபிக்க முடியும் என்பதை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

இப்படியே வாரங்கள் போயின. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆராதனைக்குக் கிளம்பும்போது, ஓர் அடுக்குமாடியில் லிஃப்ட் நின்றுவிட்டதாகக் கூப்பிட்டார்கள். உள்ளே ஓர் அம்மாள் மாட்டிக்கொண்டிருந்தார். முதலில் பேச வேண்டும் என்பது அவருடைய வழக்கம். இருட்டில் இருப்பவருக்கு ஒரு குரல் வந்தால் பாதி பயம் போய்விடும். கதவருகே வாயை வைத்து, "அம்மா, நான் வந்துட்டேன். நீங்க கீழ விழ மாட்டீங்க, பிரேக் புடிச்சிருக்கு," என்றார். உள்ளேயிருந்து, "வந்துட்டேன் வந்துட்டேன்னு எனக்கே கதை சொல்லாத, கதவைத் தொற!" என்று பதில் வந்தது. மோட்டார் அறைக்கு ஏறி, கையால் சக்கரத்தைச் சுழற்றி, பெட்டியைத் தளத்துக்குக் கொண்டுவந்து, அந்த அம்மாளை வெளியே எடுத்தபோது ஆராதனை முடிந்திருந்தது. அன்று சாயங்காலமும் வேலை அங்கேயே இழுத்துக்கொண்டது. மோட்டார் அறையில் சிக்னல் கிடைக்காது. ஆகவே தானே முழங்காலிட்டுத் தன் அரைமணியை முடித்தார். போன் வந்திருக்கும், எடுக்க முடியாமல் போயிருக்கும், இந்நேரம் அண்ணன் தானாகவே தொடங்கியிருப்பார் என்று நினைத்துக்கொண்டார்.

மறுநாள் திங்கட்கிழமை. முகம் கழுவி, கட்டிலின் தன் பக்கத்தில் உட்கார்ந்தார். போன் வரவில்லை.

தையல்காரத் தங்கச்சிக்கு உடம்பு சரியில்லையோ என்று நினைத்தார். கூப்பிட்டுக் கேட்கலாம்தான். ஆனால் சங்கிலியில் பின்னோக்கிப் போன் செய்யும் வழக்கமில்லை, கேட்டால் "நீ தூங்கிட்டியா?" என்று குற்றம் சொல்வதைப் போல ஆகிவிடும். அவராகவே தொடங்கினார். துறைமுகம், கிடங்கு, லாரி, சாலை. முடித்துவிட்டுக் கண்ணாடிக்கடை அண்ணனுக்குப் போன் போட்டார். மணி அடித்து அடித்து ஓய்ந்தது.

விதி விதிதான். மறுபடியும் முழங்காலிட்டார். துறைமுகத்திலிருந்து தொடங்கினார். இந்த முறை இன்னும் மெதுவாக, கப்பலைக் கரையில் கட்டும் கயிற்றிலிருந்து. பிறகு மறுபடி போன். எடுக்கவில்லை. முன்னாலும் ஆள் இல்லை, பின்னாலும் ஆள் இல்லை. சங்கிலி இரண்டு பக்கமும் அறுந்துவிட்டது, தான் மட்டுமே பிடித்துக்கொண்டிருக்கிறோம் என்று தோன்றியது. மறைப்பானேன், அதில் அவருக்கு ஒரு சின்னப் பெருமையும் இருந்தது. முழங்கால் வலித்தது. வயிறு இரைந்தது. விடவில்லை.

எத்தனையோ தடவைக்குப் பிறகு அண்ணன் எடுத்தார். பின்னால் கடைச் சத்தம்.

"தம்பி! இத்தனை தடவை கூப்பிட்டிருக்கீங்க? லிஃப்ட் எங்கயாவது விழுந்துடுச்சா?"

"அண்ணே, ஒப்படைக்கிறேன்."

"எதை?"

"ஜெபத்தை அண்ணே."

"ஒரு நிமிஷம் தம்பி. மேடம், அந்த ஃபிரேம் உங்களுக்குத்தான் செஞ்ச மாதிரி இருக்கு, கண்ணாடியில பாருங்க... ஆங், சொல்லுங்க. ஜெபமா? அதுதான் நேத்தோட முடிஞ்சுதே! உங்களுக்கு யாரும் சொல்லலையா?"

"என்ன முடிஞ்சுது?"

"சங்கிலி. ரோடு திறந்தாச்சு தம்பி! லாரி வரிசையா போய்க்கிட்டு இருக்காம். சபையில எல்லாரும் எழுந்து நின்னு ஸ்தோத்திரம் சொன்னோம். பாஸ்டர் அழுதுட்டார். குரூப்லகூடப் போட்டாங்களே, படம் எல்லாம்."

"என் போன்ல குரூப் வராது அண்ணே."

அவரிடம் இருந்தது பட்டன் போன். நல்ல போன் இரண்டு வாங்கி, இரண்டும் லிஃப்ட் குழியில் விழுந்து நொறுங்கிய பிறகு அந்த ஆசையை விட்டிருந்தார்.

"அட, தங்கச்சி சொல்லியிருக்கும்னு நான் நெனச்சேன்," என்றார் அண்ணன். "அது நான் சொல்லியிருப்பேன்னு நெனச்சிருக்கும். சரி விடுங்க, நல்ல செய்திதானே! கடையில ஆள் நிக்குது, வைக்கிறேன்."

யோசித்துப் பார்த்தால் இதில் யார் மீதும் தப்பில்லை. இத்தனை நாள் எந்தச் சேதியானாலும் முன் கண்ணியிடமிருந்துதான் பின் கண்ணிக்கு வந்தது. சங்கிலி முடிந்துவிட்டது என்ற சேதி மட்டும் அந்த வழியாக வர முடியாது. அதைக் கொண்டுவர வேண்டிய போன், சங்கிலி முடிந்ததால், அடிக்கவேயில்லை.

லிஃப்ட்காரர் போனைக் கையில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார். சாலை திறந்துவிட்டது. இத்தனை வாரமாக எதைக் கேட்டாரோ அது கிடைத்துவிட்டது. துள்ளிக் குதித்திருக்க வேண்டும். ஆனால் முதலில் வந்தது, 'இனிமேல் போன் வராது' என்ற எண்ணம். இரண்டாவது, 'என்னிடம் சொல்ல ஒருத்தருக்கும் தோன்றவில்லையே' என்ற எண்ணம். மூன்றாவதாகத்தான் அந்த நாட்டு ஜனங்கள் வந்தார்கள்.

பாஸ்டருக்குப் போன் போட்டார். குறை சொல்லலாம் என்றுதான். ஆனால் பாஸ்டர் எடுத்ததும், "பிரதர், நேத்து உங்களைக் காணோமேன்னு என் வீட்டம்மாகூடக் கேட்டாங்க!" என்றதில் குறை கரைந்துபோனது. நடந்ததைச் சொன்னார். பாஸ்டர் பதறிவிட்டார். "இவ்வளவு நேரமும் தனியா ஜெபத்துலயா இருந்தீங்க? மன்னிச்சிடுங்க பிரதர், என் தப்பு."

"அதை விடுங்க பாஸ்டர்." பிறகு ஏன் கேட்டோம் என்று தெரியாமலேயே கேட்டார்: "எல்லா எடத்துக்கும் லாரி போயிடுச்சா?"

"அனேகமா எல்லா எடத்துக்கும். மலைப்பக்கம் ஒரு பகுதிதான் பாக்கி. நடுவுல ஆத்துப் பாலம் உடைஞ்சு கெடக்காம். இரும்புப் பாலம் ஒண்ணு கொண்டுவந்து தள்ளிக்கிட்டிருக்காங்களாம்."

"அப்பாடா," என்றார் லிஃப்ட்காரர்.

அது வார்த்தைகூட இல்லை, ஒரு மூச்சு. பாரத்தை இறக்கி வைத்தவர் விடும் மூச்சு. பாஸ்டர் அதைச் சரியாகக் கேட்கவில்லை. உற்சாகமாகவே தொடர்ந்தார். "நீங்க கேக்குறதும் சரிதான் பிரதர். அந்த மலை ஜனங்களை விட்டுட்டோமே! மறுபடி ஒரு சின்னச் சங்கிலி வைக்கலாமா? எல்லாரும் களைச்சுப்போயிருக்காங்கதான். ஆனா தையல்கார சிஸ்டர், கண்ணாடிக்கடை பிரதர், இன்னும் நாலு பேருன்னா வருவாங்க. நாளைக்கே ஆரம்பிச்சுடலாம். நீங்க உங்க பழைய எடத்துலயே இருந்துக்கலாம்."

"கொஞ்சம் பொறுத்துக் கூப்பிடுறேன் பாஸ்டர்," என்று வைத்துவிட்டார்.

எந்திரத்தில் எங்கிருந்தாவது ஒரு சத்தம் வந்தால், அது எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்கும் வரை அவருக்குத் தூக்கம் வராது. இந்தச் சத்தம் தனக்குள்ளிருந்து வந்தது. தேட அதிக நேரம் ஆகவில்லை. மலைப்பக்கம் இன்னும் பட்டினி என்று கேட்டதும், தன் நெஞ்சு குளிர்ந்திருக்கிறது. அழத் தெம்பில்லாத ஒரு குழந்தை அங்கே கிடக்கிறது. கடலுக்கு இந்தப் பக்கம் ஒருவன், அதற்காக முழங்கால் தேய ஜெபித்தவன், அது இன்னும் அப்படியே கிடக்கிறது என்று கேட்டு 'அப்பாடா' என்கிறான்.

அறையில் இருந்த ஒற்றை நாற்காலியில் போய் உட்கார்ந்தார். பிறகு எழுந்தார். பிறகு மறுபடி உட்கார்ந்தார்.

அதனால் என்ன, என்று அவருக்குள் ஒரு குரல் வாதாடியது. சங்கிலி வைத்தால் மலை ஜனங்களுக்கு நல்லதுதானே. உன் மனசு எப்படி இருந்தால் என்ன, ஜெபம் ஜெபம்தானே. கிரேன் ஓட்டுபவன் சம்பளத்துக்காக ஓட்டினாலும் மூட்டை இறங்கத்தான் செய்யும். நியாயமான வாதம்தான், அவரே வேறொருவருக்கு அப்படித்தான் சொல்லியிருப்பார். ஆனால் இதற்கு அடுத்த படி ஒன்று இருந்தது. பாலம் முடிந்தது என்று ஒரு நாள் செய்தி வரும். அன்றைக்குச் சங்கிலி மறுபடி முடியும். அந்த நாள் வரக் கூடாது என்று மனதின் ஒரு மூலையில் வேண்டிக்கொண்டே, அதே நாள் வர வேண்டும் என்று வாயால் எப்படி வேண்டுவது? இரண்டு ஜெபத்தில் ஆண்டவர் எதைக் கேட்பார்? வாயைக் கேட்க மாட்டார் என்பதுதான் அவர் அறிந்த வரை ஆண்டவரின் வழக்கம்.

மறுபடி போன் போட்டார்.

"சங்கிலி வையுங்க பாஸ்டர். கண்டிப்பா வையுங்க. என் பேரை மட்டும் சேர்க்க வேண்டாம். நான் இங்கேயே தனியா பண்ணிக்கிறேன்."

"கோவமா பிரதர்?"

"சத்தியமா கோவம் இல்ல. எனக்கு அந்தப் போன் ரொம்பப் பிடிச்சுப்போச்சு பாஸ்டர். அதான்."

"அதுல என்ன தப்பு? சகோதர சிநேகம்தானே!"

"அவங்க சாப்பிட்டா எனக்கு நஷ்டம்னு ஆகிடக் கூடாது பாஸ்டர்," என்றார் லிஃப்ட்காரர்.

பாஸ்டருக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை. "சரி பிரதர். நான் உங்களுக்காக ஜெபிக்கிறேன்," என்றார். எதற்காக என்று அவர் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை.

மறுநாள் வேலை முடிந்து வந்து முகம் கழுவினார். இந்நேரம் தையல்காரத் தங்கச்சி நேராகக் கண்ணாடிக்கடை அண்ணனுக்கு ஒப்படைத்திருப்பார். போன வருஷ அளவு கேட்ட அம்மாளின் கதையை இன்றைக்கு அவரிடம் சொல்லிச் சிரித்திருப்பார். வெளியே படிக்கட்டில் யாரோ மேல்மாடிக்கு ஏறிப் போனார்கள். செருப்புச் சத்தம் கதவைத் தாண்டிப் போய்த் தேய்ந்தது. முழங்காலிட்டார். உதட்டில் பழக்கமாக வந்த துறைமுகத்தையும் கிடங்கையும் நிறுத்தினார். அவையெல்லாம் நடந்து முடிந்தவை. "ஸ்தோத்திரம்," என்றார் அவற்றுக்காக. இரண்டு நாள் தாமதமான ஸ்தோத்திரம். சொல்லக் கஷ்டமாக இருந்தது, ஆனாலும் மறுபடி சொன்னார், இந்த முறை சத்தமாக.

பிறகு பாலத்துக்கு வந்தார். நடுவில் தூண் வைக்க முடியாத ஆற்றில் இரும்புப் பாலத்தை எப்படிப் போடுவார்கள் என்று அவருக்கு ஓரளவு தெரியும். இந்தக் கரையிலேயே முழுப் பாலத்தையும் துண்டு துண்டாகப் பூட்டி, உருளைகள் மேல் வைத்து, ஆற்றுக்கு மேலே அங்குலம் அங்குலமாகத் தள்ளுவார்கள். முன்பாதி அந்தரத்தில் நீளும். கீழே பிடிமானம் எதுவும் கிடையாது. மறுகரையைத் தொடும் வரை, தரையில் இருக்கும் பின்பாதி எப்போதும் கனமாக இருக்க வேண்டும். கொஞ்சம் குறைந்தாலும் மொத்தமும் மூக்குக் குத்தி ஆற்றில் விழும்.

"ஆண்டவரே," என்றார் லிஃப்ட்காரர், "பின்பக்கம் கனம் குறையாம பாத்துக்கும். உருளையில மண்ணு சேராம இருக்கட்டும். தள்ளுறவங்க கால் வழுக்காம இருக்கட்டும்." சொல்ல வேண்டியது இன்னொன்று இருந்தது. "சீக்கிரம் முடியட்டும். நாளைக்கே முடியட்டும். எனக்கு யாரும் சொல்லாட்டியும் பரவாயில்ல."

பின்பு பாலத்தை மறுபடி பிடித்தார். அது இன்னும் அந்தரத்தில்தான் இருந்தது. மறுகரைக்கு நிறையத் தூரம் இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு, இன்னும் கொஞ்சம் தள்ளினார்.